முகம் தெரியாத தோழனுக்குப் பட்ட கடன்



 

இரண்டு மாதங்களுக்கு முன் ஓர் இஷா தொழுகை முடிந்து, எல்லோரும் கலைந்த பிறகு, கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், ஒருத்தனை ரொம்ப அசிங்கமா திட்டிட்டேன். அவன் உம்மாவையும் சேர்த்துத் திட்டிட்டேன். மன்னிப்புக் கேக்கணும். ஆனா அவன் யாருன்னே எனக்குத் தெரியாது" என்றார். ஏதோ சாலையில் நடந்த தகராறு என்று நினைத்தேன். இல்லை, கைபேசியில் நடந்த விளையாட்டு.

பெரியவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பப்ஜி மொபைல் என்று ஒன்று இருந்தது. 2020 செப்டம்பரில் நம் நாட்டில் அதைத் தடை செய்தார்கள். 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் அதே போன்ற விளையாட்டு வந்தது. ஒரு தீவில் நூறு பேர் வரை இறங்குகிறார்கள். நான்கு நான்கு பேராக அணி சேர்ந்து, கடைசி வரை எஞ்சி நிற்கும் அணி வெல்லும். நண்பர்கள் இல்லையென்றால் முன்பின் தெரியாத மூன்று பேரை அதுவே சேர்த்துவிடும். மைக்கில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளலாம். அரை மணி நேர உறவு. முடிந்ததும் அவரவர் வழி.

இந்தத் தம்பி குண்டடிபட்டு விழுந்திருக்கிறார. விழுந்தவரைத் தோழர் ஒருவர் சில வினாடிகளுக்குள் வந்து தூக்கிவிட்டால் பிழைத்துக்கொள்வார். பக்கத்தில் இருந்தவர் வரவில்லை. அணி தோற்றது. தம்பி வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிவிட்டார். எதிரில் இருந்தவர் திருப்பித் திட்டவில்லை. "சாரி ப்ரோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறிவிட்டார். "அந்த சாரிதான் ஹஜ்ரத் என்னைத் தூங்க விடல" என்றார்.

விளையாடலாமா கூடாதா, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் தனி உரை. பாங்கு சொல்லும்போது மேட்ச் பாதியில் இருக்கிறது என்பவருக்கு என்ன பதில் என்பது அவருக்கே தெரியும். இன்று நான் எடுத்துக்கொள்வது அந்தத் தம்பியின் கேள்வியை மட்டும்.

"அது வெறும் கேம்தானே" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். யோசித்துப் பாருங்கள். அந்தத் தீவு பொய். துப்பாக்கி பொய். செத்தவர் அடுத்த ஆட்டத்தில் எழுந்து நிற்கிறார். ஆனால் மைக்கில் நீங்கள் சொன்ன சொல் மட்டும் பொய் அல்ல. அது எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் காதில் போய் விழுகிறது.

இன்னொருவர் இதைவிட வலுவாகக் கேட்பார்: "அங்கே எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். அதற்குச் சம்மதித்துத்தானே வருகிறார்கள்? குத்துச்சண்டைக்கு வந்தவன் அடி விழுகிறதே என்று அழலாமா?" நியாயமான கேள்விதான். ஆனால் குத்துச்சண்டை வீரர் சம்மதிப்பது எதிராளியின் அடிக்கு; தன் பக்கம் நிற்பவரிடம் அடி வாங்க யாரும் சம்மதிப்பதில்லை. அதுவும் தன் தாய்க்கு விழும் ஏச்சுக்கு அவர் எந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்? எல்லோரும் செய்வதால் ஒன்று ஒப்பந்தம் ஆகிவிடாது, பழக்கம்தான் ஆகும்.

முகம் தெரியாது, பெயர் தெரியாது என்பது குற்றத்தைக் குறைக்கும் என்று நாம் எண்ணுகிறோம். மார்க்கத்தின் கணக்கில் அது நேர்மாறு. அல்லாஹ்வுக்குச் செய்த குறையை அவனிடம் அழுது கேட்கலாம். ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை, அப்படி அல்ல. சம்பந்தப்பட்டவர் மன்னிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டினால் நாளை கதவைத் தட்டலாம். முகம் தெரியாதவரைத் திட்டினால் எந்தக் கதவைத் தட்டுவீர்கள்? தொழுகை, நோன்பு, ஸகாத் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு மறுமையில் வந்து, திட்டியவர்களுக்கும் அநீதி செய்தவர்களுக்கும் அவற்றைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவரைத்தான் நபி (ஸல்) அவர்கள் திவாலானவர் என்று சொன்னார்கள். ஓர் இரவில் ஆறு ஆட்டம், ஆட்டத்துக்கு மூன்று அந்நியர்கள். கடன்காரர்களின் பட்டியல் எவ்வளவு வேகமாக நீளுகிறது பாருங்கள்!

உஹதை நினைத்துப் பாருங்கள். விளையாட்டோடு அதை ஒப்பிடவில்லை, அல்லாஹ் காப்பானாக. தோழர் தவறு செய்தபின் அவரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியவில்லை. ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு. ஐம்பது வில்லாளர்களை அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களின் தலைமையில் குன்றின் மேல் நிறுத்தினார்கள் நபியவர்கள். நாம் வென்றாலும் தோற்றாலும், ஆள் அனுப்பும் வரை இறங்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லி நிறுத்தினார்கள். கட்டளையில் குழப்பமே இல்லை. ஆனாலும் வெற்றி கிடைத்துவிட்டது என்று எண்ணிப் பெரும்பாலோர் இறங்கிவிட்டார்கள். எதிரிப்படை பின்பக்கமாகச் சுற்றி வந்தது. ஏறக்குறைய எழுபது பேர் ஷஹீத். சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) ஷஹீத். நபியவர்களின் முகத்தில் இரத்தம்.

இதற்கு முன் இன்னொன்றும் நடந்தது. மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்பதே நபியவர்களின் எண்ணம். வெளியே போக வேண்டும் என்றவர்கள் ஆர்வம் மிகுந்த தோழர்கள். "அன்றே சொன்னேனே" என்று சொல்ல உலகத்தில் யாருக்காவது உரிமை இருந்ததென்றால் அன்று அவர்களுக்கு இருந்தது. ஆனால் இறங்கிய வஹ்யு என்ன கற்பித்தது? கடுமை காட்டியிருந்தால் அவர்கள் உம்மை விட்டுச் சிதறிப் போயிருப்பார்கள். ஆகவே மன்னியும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடும், இனியும் அவர்களிடம் ஆலோசனை கேளும் என்று ஆலு இம்ரான் அத்தியாயம் சொல்கிறது. அந்த மூன்றாவதைக் கவனியுங்கள். எந்த ஆலோசனைக்குப் பின் இவ்வளவு இழப்பு நேர்ந்ததோ, அந்த ஆலோசனையை நிறுத்தச் சொல்லவில்லை.

பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களிடம் ஏன் இதைச் செய்தாய், ஏன் இதைச் செய்யவில்லை என்று நபியவர்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நம் பிள்ளைகளின் மைக்கில் நாள் முழுக்க ஓடுவது இந்த இரண்டு கேள்விகள்தாம். "ஏன்டா போன? ஏன்டா வரல?" நடந்து முடிந்ததை இந்தக் கேள்வி மாற்றாது, அடுத்த பத்து வினாடிகளுக்கும் அதனால் பயன் இல்லை.

பிறகு எப்படித்தான் பேசுவது? இளைஞர்களிடமே கேட்டேன், எனக்கே வியப்பாக இருந்தது. நன்றாக ஆடுபவர்கள் குறைவாகப் பேசுவார்களாம். திரையின் மேலே திசைகாட்டி எண் இருக்கும். "நூற்று அறுபத்தைந்தில் ஒருத்தன், மரத்துக்குப் பின்னால்" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். யார் தவறு என்பதைப் பேச மாட்டார்கள், என்ன இருக்கிறது என்பதைச் சொல்வார்கள். மொழி தெரியாத தோழர் என்றால் வரைபடத்தில் ஒரு குறி வைத்தால் போதும். முதலில் விழுந்தவர்கள்தாம் அதிகம் சத்தம் போடுவார்களாம். மூன்று பேர் விழுந்து ஒருவர் மட்டும் உயிரோடு இருக்கும்போது, அவர் எதிரியின் காலடிச் சத்தத்தைக் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் மூவரும் அவர் காதில் கத்தினால் அவரால் எதையும் கேட்க முடியாது. நல்லதைப் பேசு, இல்லையேல் வாய்மூடியிரு என்ற நபிமொழியின் கருத்தை அந்தப் பிள்ளைகள் அனுபவத்தில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். எதிரில் இருப்பவர் எல்லை மீறினால் அவர் மைக்கை மட்டும் அடைத்துவிடும் வசதியும் இருக்கிறதாம். பதிலுக்குப் பேசாமல் விலகிப்போக இவ்வளவு எளிய வழி நம் பாட்டன்மாருக்குக் கிடைக்கவில்லை.

தகப்பன்மார்களே, பிள்ளை இந்த நாவை எங்கே கற்றான் என்று கைபேசியை மட்டும் கைகாட்டாதீர்கள். அவன் பைக்கில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தபோது குறுக்கே வந்த ஆட்டோக்காரரை என்ன சொன்னீர்கள்? நானும் தப்பவில்லை. சென்ற ரமலானில் தராவீஹ் நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்ததற்காக, அதைப் பார்த்துக்கொள்ளும் பையனிடம் எல்லோர் முன்னாலும் சீறினேன். பழுது கம்பியில் இருந்தது. மறுநாள் அவனிடம் போய் நிற்க எனக்கு ஒரு வழியாவது இருந்தது.

அந்தத் தம்பிக்கு அது இல்லை. தேடியும் கண்டுபிடிக்க முடியாதவர் விஷயத்தில் அறிஞர்கள் சொல்லியிருப்பதைச் சொன்னேன்: தவ்பா செய், அவருக்காகப் பாவமன்னிப்புத் தேடு, முடிந்ததை அவர் சார்பில் தர்மம் செய், பிறகு அல்லாஹ்விடம் ஆதரவு வை. தலையாட்டினார். கொஞ்ச நேரம் நின்றார். "துஆவுல அவன் பேரை என்னன்னு சொல்றது ஹஜ்ரத்? ஏதோ ஆங்கில எழுத்தும் நம்பரும் கலந்த பேரு. அதுகூட முழுசா ஞாபகம் இல்ல."

அன்றிரவு உன்னோடு இருந்த அந்தத் தோழர் என்று சொல், அல்லாஹ்வுக்குத் தெரியும் என்றேன். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் அவர் தூணருகே கையேந்தி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.