கொப்பரையும் தக்களியும்

பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து வந்தவர்களுக்கு, அவர்கள் குடியேறிய தேசத்தின் பாஷையைக் கற்பிப்பது நல்ல தர்மம் என்பதில் இரண்டாவது அபிப்பிராயம் இருக்க முடியாது. கூலிக் கணக்கில் ஏமாறாமலிருக்கவும், வைத்தியரிடம் நோயைச் சொல்லவும், ஏன், அண்டை வீட்டாரோடு சண்டை போடவும்கூட அந்தப் பாஷை வேண்டியிருக்கிறது. ஆனால் அதைக் கொடுக்கிற கை, பதிலுக்கு எதையாவது பிடுங்கிக்கொள்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் மோட்டார் தொழிற்சாலை, அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்காக 1914-ம் ஆண்டில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கிற்று. காலையில் எழுவது, முகம் கழுவுவது, வேலைக்குப் புறப்படுவது என்று அன்றாடக் காரியங்களையே பாடமாக்கியிருந்தது கெட்டிக்காரத்தனந்தான். விபரீதமெல்லாம் பட்டமளிப்பு வைபவத்தில் இருந்தது. மேடை நடுவே பிரம்மாண்டமான ஒரு கொப்பரை. தத்தம் நாட்டு உடையில், மூட்டை முடிச்சோடு கப்பலிலிருந்து இறங்குகிறவர்களைப்போல வந்த மாணவர்கள் அதற்குள் இறங்க, ஆசிரியர்கள் நீண்ட அகப்பைகளால் கிண்ட, அமெரிக்க உடுப்பும் கையில் கொடியுமாக அவர்கள் வெளியே வந்தார்கள்! பார்த்தவர்கள் கரகோஷம் செய்திருப்பார்கள். எனக்கென்னவோ அந்த மூட்டைகளின் கதி என்னவாயிற்று என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

சிகாகோ நகரில் ஜேன் ஆடம்ஸ் என்ற மாதரசி, தம் தோழி எலன் ஸ்டாருடன் 1889-ல் ஸ்தாபித்த ஹல் ஹவுஸ் என்ற சமூகசேவை நிலையத்திலும் குடியேறியவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தார்கள். ஆனால் தெருவில் ஓர் இத்தாலியக் கிழவி தக்களியில் நூல் நூற்றுக்கொண்டிருந்ததைக் கண்ட ஆடம்ஸ், அத்தகைய கைத்தொழில்களை அவர்களே செய்து காட்டுவதற்கென்று 1900-ல் ஒரு காட்சிசாலையும் திறந்தார். அங்கே நூற்க வந்த ஓர் இத்தாலியத் தாயாரின் மகள், அதே கட்டடத்தில் சமையல் வகுப்புக்கு வருகிறவள், தலையில் துணி கட்டிய தாயோடு சேர்ந்து காணப்படுவதற்கு வெட்கி, அவளை முன்வாசலில் விட்டுவிட்டுத் தான் மட்டும் பக்கவாசலால் நுழைவது வழக்கம். ஒருநாள் படித்த பெரியவர்கள் சிலர் தன் தாயைச் சூழ்ந்து நின்று, அவள் நூற்கும் நேர்த்தியை வியந்து பாராட்டுவதை மகள் கண்டாள். அதற்குப் பிறகு கட்டிலடிப் பெட்டியில் ஒளிந்திருந்த கைநூல் வஸ்திரங்களை வெளியே எடுக்கத் தாயாருக்கு அநுமதி கிடைத்தது. மகளும் முன்வாசலாலேயே வரலானாள். ஆங்கில வகுப்புகள் அந்தக் கட்டடத்தில் வழக்கம்போல நடந்துகொண்டுதான் இருந்தன.