ஜீர்ணோத்தாரணமும் தேய்ந்த சக்கரமும்

தேய்ந்துபோன ஒரு பொருளைச் சீர்செய்து வைத்துக்கொள்வதா, அல்லது அதை விலக்கிவிட்டுப் புதியதொன்றை ஏற்பதா என்னும் கேள்வி, கோயில் ஸ்தபதியின் முன்னும் மோட்டார்ப் பட்டறைக்காரரின் முன்னும் ஏறக்குறைய ஒரே உருவத்தில்தான் வந்து நிற்கிறது. ஸ்தபதிக்குச் சாஸ்திரம் துணை. பட்டறைக்காரருக்கு உற்பத்தியாளர் வகுத்துக்கொடுத்த அளவுகள் துணை. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நெடுநேரம் எண்ணிப் பார்த்தவனுக்கு, இரண்டும் ஒரே தர்மவிசாரத்தைச் சேர்ந்தவை என்ற நிச்சயம் பிறக்காமல் இராது.

லண்டனில் பழைய கார் வைத்திருக்கும் தமிழர் பலருக்கு இந்த விசாரம் புதிதன்று. ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ உள்ள ஒரு கராஜில் கிளட்ச் மாற்றுவதற்காகக் கியர்பாக்ஸை இறக்கி, பிரஷர் பிளேட்டையும் கிளட்ச் பிளேட்டையும் கழற்றியெடுத்த பின்னர், அதுவரை கண்ணுக்கு மறைந்திருந்த ஃப்ளைவீல், எஞ்சினின் பின்புறத்தில் கிராங்க் தண்டோடு போல்ட்டுகளால் இறுகப் பிணைக்கப்பட்டதாய்க் காட்சிக்கு வருகிறது. பிஸ்டன்கள் விட்டுவிட்டுத் தரும் உந்துதலைத் தன் கனத்தில் வாங்கிச் சீரான சுழற்சியாக்கித் தருவது அதன் கடமை. கிளட்ச் பிளேட் பற்றிக்கொள்ளும் இடமும் அதன் முகமே. நகரத்து நெரிசலில் பல்லாயிரம் முறை பற்றியும் நழுவியும் சூடேறிய அந்த முகத்தில் மயில்கழுத்து நீலத்தில் திட்டுகள் படர்ந்திருக்கும்; மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும்; விளிம்பருகே நகத்தை ஓட்டினால் ஒரு வரம்பு தட்டுப்படும்.

நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்பவர் ஏமாந்துபோவார். நீலம் படிந்த இடத்தில் வார்ப்பிரும்பு கடுஞ்சூட்டினால் தன் உள்ளமைப்பே மாறிக் கடினப்பட்டிருக்கலாம்; அக்கடினம் மேற்பரப்பின் கீழும் இறங்கியிருக்கக்கூடும். மேலாகத் தேய்த்து நிறத்தைப் போக்கிவிட்டால் முகம் புதிதுபோல் மின்னும். ஆனால் சில காலம் ஓடிய பின்னர் சுற்றியுள்ள மெல்லிரும்பு முதலில் தேய்ந்து, கடினப்பட்ட திட்டு மேடாக எழும்பி, கிளட்ச் விடும்போதெல்லாம் வண்டி மறுபடி உதறும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே தொழில் நடத்தும் ஒரு மெக்கானிக், டயல் கேஜின் முள்ளைச் சக்கரத்தின் முகத்தில் பொருத்தி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, கோணல் எவ்வளவு என்று பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “அண்ணை, இதை முகம் எடுக்கலாம். ஆனா வெடிப்பு போல்ட் துளை வரைக்கும் ஓடியிருந்தா நான் கையே வைக்கமாட்டன்.”

இந்த விதியை ஆகம மரபை அறிந்தவர் உடனே இனங்கண்டுகொள்வார். மயமதம் முதலான சிற்ப சாஸ்திரங்கள் ஜீர்ணோத்தாரணத்துக்கென்றே, அதாவது பழுதுற்றதைச் செப்பனிட்டுப் புதுப்பிப்பதற்கென்றே, விதிகள் வகுத்திருக்கின்றன. விக்கிரகத்தில் சிறு உறுப்புகள் சிதைந்தால் சீர்செய்யலாம். பிரதானமான அங்கம் பின்னப்பட்டுவிட்டால், எத்தனை தலைமுறை வணங்கிய மூர்த்தியாயினும் அதை முறைப்படி விலக்கி வேறொன்றைப் பிரதிஷ்டை செய்தல் வேண்டும். பழமை காரணமாகச் சலுகை இல்லை. பழமை காரணமாகத் தண்டனையும் இல்லை. பார்க்கப்படுவது ஊறு எங்கே நேர்ந்தது என்பது ஒன்றுதான். மூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தனமோ நாளடைவில் தன் பிடியை இழப்பதற்கென்றே அமைந்தது. 12 ஆண்டுகளுக்கொருமுறை கும்பாபிஷேகத்தில் அதைப் புதுப்பிப்பதனால் மூர்த்தி மாறிவிட்டதென்று ஒருவரும் எண்ணுவதில்லை. கிளட்ச் பிளேட்டின் நிலையும் அதுவே.

இதைவிட ஆழ்ந்த செய்தி ஒன்று பாலாலயக் கிரியையில் இருக்கிறது. திருப்பணி தொடங்குமுன் மூர்த்தியின் கலையை, அதாவது அதன் தெய்வ சாந்நித்தியத்தை, கும்பத்து நீரில் ஆவாஹனம் செய்து, வேறிடத்தில் வைத்துப் பூஜித்து, பணி முடிந்தபின் மீண்டும் சேர்ப்பிக்கிறார்கள். விம்பிள்டன் கணபதி கோயிலானாலும் ஹைகேட் முருகன் கோயிலானாலும் கடல் கடந்து வந்த அடியார்கள் அந்த முறையை விடவில்லை. உளி கல்லைத் தொடுமுன், இதில் காக்கப்பட வேண்டியது எது என்பதைத் தீர்மானித்து, அதைப் பத்திரப்படுத்து என்பதே அக்கிரியையின் கட்டளையாக எனக்குப் படுகிறது.

காக்கப்பட வேண்டியது எது என்னும் இதே கேள்வியை வேறு வழியில் அணுகிய ஆங்கில நாட்டுத் தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ், 1655இல் வெளியான தமது லத்தீன் நூலில், தீசியஸ் என்னும் கிரேக்க வீரனின் கப்பலைப் பற்றிய பழைய புதிரை எடுத்துக்கொண்டு, பலகை பலகையாகப் புதுப்பிக்கப்பட்ட கப்பல் ஒருபுறமிருக்க, கழித்த பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து அதே ஒழுங்கில் மறுபடி பூட்டினால் எது பழைய கப்பல் என்று வினவினார். பொருளைக் கேட்கிறாயா, வடிவத்தைக் கேட்கிறாயா என்பதைப் பொறுத்தே விடை அமையும் என்பது அவர் கொண்ட முடிவு.

தேம்ஸ் நதியின் தென்கரையில் கிராஸ்னஸ் என்னுமிடத்தில் உள்ள பழைய நீரேற்று நிலையத்தில் இந்த முடிவு இரும்பில் நிற்கிறது. 1858ஆம் ஆண்டுக் கோடையில் நதியின் துர்நாற்றம் பாராளுமன்றத்தையே திணறடித்ததன் பின், ஜோசப் பாசல்ஜெட் அமைத்த கழிவுநீர்த் திட்டத்தின் அங்கமாக 1865இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தில், ஜேம்ஸ் வாட் கம்பெனி செய்த 4 பெரும் நீராவி எஞ்சின்கள் உள்ளன. ஒவ்வொன்றின் ஃப்ளைவீலும் 52 டன். 1950களில் பணி நின்று, துருவேறி, ஈரத்தில் மூழ்கிக் கிடந்த அவற்றுள் ‘பிரின்ஸ் கன்சார்ட்’ என்னும் எஞ்சினைத் தொண்டர்கள் ஆண்டுக்கணக்காகத் துரு சுரண்டிச் செப்பனிட, 2003இல் அது மீண்டும் நீராவியில் சுழன்றது. அந்தச் சக்கரத்தை வெட்டி விற்றுவிட்டுப் புதியது வார்த்துப் பூட்டலாம் என்று யாரேனும் சொல்லியிருந்தால் அது அபசாரமாகப் பட்டிருக்கும். ஏனெனில் அங்கே காக்கப்படுவது பழைய தொழிலாளரின் கைத்திறனும் அந்த இரும்புமே. இன்று அது லண்டனின் கழிவுநீரை ஏற்றவேண்டிய கடமை உடையதன்று. பார்க்க வருவோருக்காகச் சுழல்கிறது.

காரின் ஃப்ளைவீல் அப்படிப்பட்டதன்று. அதில் காக்கப்பட வேண்டிய கலை, அது ஆற்றும் பணியும், அப்பணியை நம்பி ஏறி அமரும் உயிர்களின் க்ஷேமமுமே. நிமிஷத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலும் வார்ப்பிரும்பு பிளந்துபோனால், சிதறும் துண்டுகள் கியர்பாக்ஸின் கூட்டைப் பிளந்து காலருகே பாயக்கூடும். பழம்பொருளின்மேல் வைத்த வாஞ்சையின் விலையைப் பிறர் உடம்பால் கொடுக்கச் செய்வதை எந்த தர்மசாஸ்திரமும் அனுமதியாது. ஆழ்ந்த வெடிப்புக் கண்டால் சிக்கனமும் அபிமானமும் பேசக்கூடாது, மாற்றிவிட வேண்டியதுதான். வெடிப்பில்லாத முகமாயின், வெறும் சோம்பலாலோ புதிதின்மேலுள்ள மோகத்தாலோ நல்ல இரும்பைக் குப்பையில் போடுவதும் அதே அளவு தவறென்று துணிந்து சொல்வேன். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: சாணை பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் உலோகத்தில் ஒரு பகுதி போய்விடுகிறது. உற்பத்தியாளர் விதித்த குறைந்தபட்ச கனத்துக்குக் கீழே இறங்கிய சக்கரத்தில் ஒரு வெடிப்பும் இல்லாவிடினும், சூட்டைத் தாங்கும் சரீரம் அதற்கு இல்லை.

1980களின் நடுவிலிருந்து, இரண்டு கனங்களுக்கிடையே வில்சுருள்களைப் பொதிந்து அதிர்வை உள்வாங்கும் இரட்டை ஃப்ளைவீல்கள் பரவலாயின. அவை ஓட்டத்தை இனிமையாக்கின என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றின் முகத்தைச் சாணை பிடிக்க உற்பத்தியாளர் சம்மதிப்பதில்லை. உள்ளிருக்கும் சுருள் தளர்ந்தால் முழுவதையும் கழற்றி எறியவேண்டியதே. ஜீர்ணோத்தாரண விதிகளை வகுத்தவர்கள், எந்தப் பொருளுக்கும் செப்பனிடும் காலம் ஒன்று, விலக்கும் காலம் ஒன்று என இரண்டு பருவங்கள் உண்டென்று கொண்டே விதித்தார்கள். முதற்பருவமே இல்லாமல் ஒரு பொருளைப் படைப்பது படைப்பவனுக்குத் தகுமா என்ற கேள்வி அவர்கள் காலத்தில் எழவில்லை. நம் காலத்தில் எழுந்திருக்கிறது, அதற்கான விதியை நாம்தான் வகுத்தாக வேண்டும்.