பதவியும் பணியும்

அரசியல் அறிவியல் பயிலும் மாணவரிடையே உரையாற்ற ஆட்சிப் பணியாளர், வழக்கறிஞர், உள்ளாட்சி உறுப்பினர் எனப் பலரைக் கல்லூரிகள் அழைக்கின்றன. நல்ல வழக்கமே. 'இப்பதவியை எவ்வாறு அடைந்தீர்கள்?' என்று மாணவர் வினவுவதும் இயல்பே. ஆயினும், 'எப்போது இதனை வேண்டாம் என்பீர்கள்?' என்னும் வினாவே பெரிது.

விடை தேடிச் சாத்தூர் மக்கள் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. 1957, 1962 தேர்தல்களில் இத்தொகுதி சட்டமன்றத்திற்கு அனுப்பிய காமராசர், பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். பொதுவாழ்வை அவர் பயின்றது சத்தியமூர்த்தியிடம். 1936இல் ஆசான் மாநிலக் காங்கிரசுத் தலைவர், சீடர் செயலாளர். 1940இல் சீடர் தலைவரானார், ஆசான் செயலாளரானார். இறங்கி நின்று பணிசெய்வதும் ஒரு பாடமன்றோ!

1941இல் சிறையிலிருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட காமராசர், முழுமையாக ஆற்ற இயலாத பொறுப்பை ஏற்றல் தகாதென விடுதலையானபின் விலகினார். 1963இல் கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியையும் துறந்தார்.

நல்லோர் எல்லாரும் விலகினால் ஆள்வது யார் என்னும் ஐயம் எழலாம். விலகுவது மட்டுமே அறமன்று. 1954இல் அவர் முதலமைச்சர் பொறுப்பை ஏற்றதால் அன்றோ சிற்றூர்தோறும் பள்ளிகள் பெருகின. ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கிடைத்தது! ஏற்பதற்கும் துறப்பதற்கும் பணி ஒன்றே அளவுகோல்.

அரசியல் கடினமான, ஆயினும் உயர்ந்த கலை. தகுதியுடையோர் தன்னலமின்றி அதற்குத் தம்மை ஆயத்தப்படுத்த வேண்டும் என 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பணித்தது. நம் இளைஞரை அதற்கு அனுப்பத் தயங்குகிறோமா? அல்லது, பதவியை மட்டும் காட்டி அனுப்புகிறோமா? சிந்திப்போம்.