சூடிக்கொடுத்த பாட்டு

ஒரு தகப்பன், தான் பாடிப் பதிந்த நாடாக்களை மகளிடம் ஒப்படைத்து, இதைத் தொலைத்துவிடாதே என்றார். மகள் தொலைக்கவில்லை. அவர் இறந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து அந்த இசைத்தொகுப்பை முடித்து, அவர் சொன்ன அந்தச் சொற்களையே தலைப்பாக வைத்து வெளியிட்டார். கேட்க நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனாலும் எனக்குள் ஒரு கேள்வி நிற்கிறது. மகளின் அன்பு எந்த இடத்தில் கடனாக மாறுகிறது?

அந்தத் தகப்பன் ரோபக் ஸ்டேபிள்ஸ். ‘பாப்ஸ்’ என்றால்தான் தெரியும். மிசிசிப்பியின் பருத்திக் காடுகளிலிருந்து சிகாகோவுக்குப் பிழைக்கப் போன கறுப்பினத் தொழிலாளி. 1948இல் தன் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு தேவாலயங்களில் நற்செய்திப் பாடல்கள் பாடத் தொடங்கினார். ‘ஸ்டேபிள் சிங்கர்ஸ்’ என்ற அந்தக் குடும்பக் குழு பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங்கின் கூட்டங்களிலும் பாடியது. 1956இல் வந்த அவர்களுடைய முதல் வெற்றிப் பாடலில் மேவிஸின் கனத்த குரலைக் கேட்டவர்கள், பாடுவது ஆண் என்று நினைத்தார்களாம். அவர் அப்போது பள்ளி மாணவி.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் மேவிஸ் செவிலியாக விரும்பினார். உன் பாட்டு ஏற்கெனவே ஜனங்களைக் குணப்படுத்திக்கொண்டுதானே இருக்கிறது என்கிற பொருளில் அப்பா பேசி அவரைக் குழுவிலேயே இருக்கவைத்தார். அக்காள் இவோனுக்கு மேடையில் ஆசை இல்லை. கணக்குவழக்கைப் பார்ப்பதுதான் பிடித்திருந்தது. சகோதரன் பெர்விஸ் விலகியபோது அந்த இடத்தை நிரப்ப அவரே பாட வேண்டியதாயிற்று. அண்ணன் போக முடிந்தது. தங்கை நிரப்ப வேண்டியிருந்தது. அந்தத் தகப்பனைக் கொடுமைக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. பிள்ளைகள் அவரை உயிராக நேசித்தார்கள். கொடுமை இல்லாத இடத்திலும் இந்தக் கணக்கு இப்படித்தான் விழுகிறது என்பதுதான் யோசிக்கவேண்டிய விஷயம்.

இதற்குத் தமிழ்க் கிறிஸ்தவத்தில் ஒரு சொல் உண்டு: ஊழியம். கடவுளுக்குச் செய்யும் பணி. அதே சொல்லுக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. பழைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் கூலியில்லாமல் வாங்கிய கட்டாய வேலைக்கும் ஊழியம் என்றுதான் பெயர். நம் ஊர்களில் ஊழியக்காரரின் மனைவி ஆர்மோனியம் வாசிப்பார், ஓய்வுநாள் பள்ளி நடத்துவார், வந்தவர்களுக்கெல்லாம் சமைப்பார். மகள் பாடுவாள். நோட்டீஸில் பெரிய எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். அதன் கீழே ‘குடும்பத்தினர்’ என்று ஒரு சொல் இருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பெண்கள் என்று யாரும் எண்ணுவதில்லை.

சாமி காரியத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். தளவாய்புரத்தில் நைட்டித் தையல்தான் பலருக்கும் பிழைப்பு. வீடுகளில் தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். மிஷினை விட்டு எழுந்துவரும் பெண்ணிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால், “வீட்ல சும்மாதான் இருக்கேன், அவுகளுக்குக் கொஞ்சம் தச்சுக் குடுக்கேன்” என்பார். ஒன்று தெய்வத்தின் பெயரால், மற்றொன்று குடும்பத்தின் பெயரால். இரண்டிலும் உழைப்பு ஒத்தாசையாகிவிடுகிறது.

அப்படியானால் மேவிஸ் அந்த நாடாக்களைப் பெட்டியிலேயே விட்டிருக்க வேண்டுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. பன்னிரு ஆழ்வார்களில் தகப்பனும் மகளுமாக இருவர் அந்த ஊர்க்காரர்கள். பெருமாளுக்கு மாலை கட்டுவது பெரியாழ்வாரின் கைங்கரியம். கோதை அந்த மாலையைத் தான் சூடிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். தகப்பன் பதறினார். பெருமாள் அவள் சூடியதைத்தான் கேட்டார். இந்தக் கதையைப் பக்தியின் பெருமையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். நான் இதை மரபுரிமையைப் பற்றிய கதையாகப் படிக்கிறேன். அப்பாவின் பணியைத் தொடர்வதற்கு முன்னால், அது தன் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளும் உரிமை மகளுக்கு இருக்கிறது.

மேவிஸும் சூடித்தான் கொடுத்தார். 1998 வாக்கில் பதிவான அந்தப் பாடல்களை இசைக்கலைஞர் ஜெஃப் ட்வீடியிடம் கொண்டுபோனார். மேலே சேர்த்திருந்த வாத்தியங்களை நீக்கி, பாப்ஸின் குரலையும் கிட்டாரையும் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். எது இருக்கட்டும், எது போகட்டும் என்பதில் மகளின் காது தீர்ப்புச் சொன்னது. 2015இல் தொகுப்பு வந்தபோது மேவிஸுக்கு வயது 75. தனக்கென்று பல தொகுப்புகளும் பெயரும் இருந்தன. விட்டுவிடவும் முடிந்த நிலையில் இருந்தவர் செய்தது அது. மறுக்க முடிந்தவள் செய்யும்போதுதான் அது அன்பு. மறுக்க வழியில்லாதவளிடம் வாங்குவதற்கு, எவ்வளவு இனிமையான பெயர் வைத்தாலும், பழைய ஊழியம் என்றே பொருள்.

அப்போதும் ஒரு பாக்கி இருக்கிறது. உறையில் இருப்பது பாப்ஸ் ஸ்டேபிள்ஸின் பெயர். பாடல்களுக்குள் பின்குரலாக மூன்று சகோதரிகளும் இருக்கிறார்கள். மூத்தவர் கிளியோத்தா 2013இலேயே இறந்துவிட்டார். தொகுப்பு வெளிவந்ததைப் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டிலும் பாட்டோ தொழிலோ தலைமுறையாக வந்துகொண்டிருக்கலாம். ஆர்மோனியம் வாசித்தது யார், இராகம் திருத்தியது யார், கணக்கு எழுதியது யார் என்று அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். வருமானம் வந்திருந்தால் பங்கையும் பேசுங்கள். ‘சித்தி, உனக்கு உண்மையிலேயே பாட ஆசையா இருந்துச்சா?’ என்றும் ஒருமுறை கேளுங்கள். இல்லை என்று அவர் சொன்னால் அந்தப் பதிலையும் சேர்த்து எழுதுங்கள்.