கொல்லைப்புறம் தரும் பாடம்

அண்மையில், எழுத்தார்வம் மிக்க வாலிபர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். "ஹஜ்ரத்! எழுத வேண்டுமென்று ஆசை நிறைய இருக்கிறது. ஆனால் எதை எழுதுவது? மலையைக் கண்டேனா, கடல் கடந்து போனேனா? எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தைத் தவிர நான் பார்த்தது ஒன்றுமில்லையே!" என்று குறைபட்டுக் கொண்டார்.

சிந்தனை ஊற்றெடுக்க ஒருவன் தூரதேசம் போய்த்தான் ஆக வேண்டுமா? கொல்லைப்புறம் போதாதா? இதை நாம் சற்று ஆராய்ந்து பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

திருக்குர்ஆனின் 88-வது அத்தியாயமாகிய 'அல்காஷியா'வில் அல்லாஹுதஆலா மனிதர்களைச் சிந்திக்க அழைக்கிறான். முதலில் எதைப் பார்க்கச் சொல்கிறான் தெரியுமா? ஒட்டகத்தை! வானமும் மலையும் பூமியும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அவ்வசனங்களை முதலில் செவியுற்ற அரபிகளுக்கு ஒட்டகம் ஓர் அபூர்வப் பிராணியா? இல்லை. அவர்களுடைய கூடார வாசலில் படுத்துக் கிடந்த பிராணி. தினமும் அதில் பால் கறந்தார்கள், சுமை ஏற்றினார்கள், ஆனால் அது படைக்கப்பட்டிருக்கும் விதத்தை நின்று நோக்கவில்லை. கண்ணில் படுவதெல்லாம் பார்வையாகி விடாது என்பதை இங்கே நாம் உணர்கிறோம்.

தேனீ, எறும்பு, சிலந்தி ஆகிய சிற்றுயிர்களின் பெயர்களை முறையே 16, 27, 29-வது அத்தியாயங்கள் தாங்கி நிற்கின்றன. இவை எந்த வீட்டுக் கொல்லையில் இல்லை? ஹிஜ்ரி 505-ல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், 40 பகுதிகள் கொண்ட தம் 'இஹ்யா'வில் 39-வது பகுதியைச் சிந்தனைக்கென்றே ஒதுக்கினார்கள். அதில் படைப்பின் அத்தாட்சிகளை விவரிக்கப் புகுந்தவர்கள், மனிதனுக்கு மிக அருகில் இருக்கும் அவனுடைய சொந்த உடலிலிருந்தே தொடங்குகிறார்கள். பக்கத்தில் இருப்பதைப் பார்க்கத் தெரியாதவன் தூரத்துக்குப் போய் என்ன கண்டுவிடப் போகிறான்?

ஆகவே, அன்புத் தம்பி, கொல்லைப்புறம் போதும். தாராளமாகப் போதும். ஆனால் இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

நாம் ஓதி முடித்து, ஸனது வாங்கி வந்த புதிது. ஜும்ஆ பயானுக்கு விஷயம் தேடி, கொல்லையிலுள்ள துவைக்கிற கல்லின் மீது போய் உட்காருவோம். கிணற்றடியில் ஈரம் தேடி வரும் எறும்புகள், முருங்கைப் பூவை மொய்க்கும் தேனீக்கள், மதில்மேல் வந்து அமரும் காகம், எல்லாமே நமக்குப் பயானாகின. ஜமாஅத்தார் மெச்சினார்கள். நம் உள்ளமும் அதில் கொஞ்சம் மயங்கிவிட்டது.

ஒரு வாரம் மதிலுக்கு அப்பாலிருந்து அடுத்த வீட்டுப் பெண்மணி முருங்கைக் கீரை கேட்டார். மறுநாளும் கேட்டார். மூன்றாம் நாளும் கேட்டபோது நமக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த வீட்டில் கீரையைத் தவிர வேறொன்றும் அடுப்பில் ஏறவில்லை. நம் மனம் உருகியது உண்மை. உருகிய மனத்தோடு நாம் என்ன செய்தோம்? குறிப்பு எழுதினோம்!

அந்த வெள்ளிக்கிழமை, மூன்று நாளாக முருங்கைக் கீரையிலேயே பசியாறும் ஒரு வீட்டைப் பற்றி உருக்கமாகப் பேசினோம். பெயர் சொல்லவில்லை. ஆனால் நம் தெருவில் முருங்கை மரம் யார் வீட்டில் நிற்கிறதென்று தெரியாதவர் யார்? இரண்டாவது ஸஃப்பில் இருந்த அந்த வீட்டுக்காரர் குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை.

வீட்டுக்கு வந்தோம். உம்மா செய்தி அறிந்திருந்தார்கள். "ஏன் வாப்பா, தெரிஞ்ச அன்னிக்கே ஒரு சட்டி ஆணம் மதிலுக்கு அந்தப் பக்கம் போயிருந்தா, வெள்ளிக்கிழமை பேச இது இருந்திருக்காதே?" என்று மட்டும் கேட்டார்கள்.

ஆணம் சமைக்கும்போது தண்ணீரைச் சற்று அதிகமாக்கி, அண்டை வீட்டாரையும் கவனித்துக் கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்ன அறிவுரையை நாம் மதரஸாவில் ஓதியிருக்கிறோம், பரீட்சையும் எழுதியிருக்கிறோம். ஓதாத உம்மாவுக்கு அது கையில் இருந்தது. நமக்கோ நாவில் மட்டுமே இருந்தது. கொடுத்துவிட்டு மனத்தைப் புண்படுத்துவதைவிட ஓர் இனிய சொல் மேலானது என்பது 'அல்பகரா' அத்தியாயம் தரும் போதனை. நாமோ எதையும் கொடுக்காமலே புண்படுத்தி விட்டோம்!

அன்றிரவு இஷாவுக்குப் பின் அவர் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டோம். ஸலாமுக்குப் பதில் சொன்னார், நம் கையையும் பற்றிக் கொண்டார், வேறெதுவும் பேசவில்லை. மறுநாள் காலை மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அந்தப் பக்கம் சாய்ந்திருந்த கிளையில் கீரை பழுத்து உதிர்ந்தது. அந்த மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நம் நெஞ்சு சுருக்கென்றது.

ஆதம் (அலை) அவர்களின் மக்கள் இருவரில் ஒருவர் மற்றவரைக் கொன்றுவிட்டு, உடலை மறைக்க வழியறியாது திகைத்தபோது, மண்ணைக் கிளறிக் காட்டக் காகம் ஒன்றை அல்லாஹ் அனுப்பினான் என்று 'அல்மாயிதா' அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அவர் பாடம் படித்தார். ஆனால் காரியம் கெட்ட பிறகு படித்தார். மதில்மேல் காகத்தைக் காணும்போது இப்போது நமக்கு நினைவு வருவது அதுதான்.

எறும்பைப் பற்றி எழுதினால் எறும்பு வெட்கப்படுவதில்லை; தேனீ தலை குனிவதில்லை. மனிதன் அப்படியா? அவனுடைய வறுமை நம் பேனாவுக்குக் கிடைத்த சரக்கு அல்ல. நமக்கு வந்த அமானிதம். ஆகவே படைப்புகளைப் பார்த்தால் சிந்திப்போம், எழுதுவோம். அண்டை வீட்டின் துயர் கண்ணில் பட்டால், பேனாவை வைத்துவிட்டு முதலில் அடுப்படிக்குச் செல்வோம். அதன் பிறகும் எழுதத் தோன்றினால், நம் குறையை எழுதுவோம். அவர்களுடைய குறையை அல்ல.

வாலிபரிடம் இதைச் சொல்லி அனுப்பினோம். பார்க்கும் கண்ணையும், பார்த்ததற்குரிய கடமையை நிறைவேற்றும் கையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.