எதுனாலும் ஓகே

பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து ஒரு பண்டிகை விருந்து வைப்பதென்றால், முதல் அரைமணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் இந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுவார்: "பேசாம வெஜ்ஜே போட்டுடலாம், எல்லாரும் சாப்பிடுவாங்க." அத்தோடு பேச்சு முடிந்துவிடும். சொன்னவருக்கு விட்டுக்கொடுப்பவர் என்ற நல்ல பெயரும் கிடைக்கும். அந்த வாக்கியம் நியாயமானதா என்பதுதான் என் கேள்வி. அற்பமான கேள்வியாகத் தெரியலாம். ஆனால் பந்தியில் யார் எப்படி உட்காருவது என்ற தகராறு, நூறு வருடங்களுக்கு முன் தமிழ்நாட்டு அரசியலின் திசையையே திருப்பியிருக்கிறது.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக மேற்கே போனால் மணிமங்கலம். 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களில் ஒன்று என்று கூரம் செப்பேடு சொல்கிற ஊர். பெரிய ஏரி, சோழர் கல்வெட்டுகள் உள்ள ராஜகோபாலசுவாமி கோயில், சுற்றிலும் வயல் என்று இருந்த ஊர். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. அடுத்த சில வருடங்களில் டெய்ம்லரும் ராயல் என்ஃபீல்டும் வந்தன. இன்று இங்கே ஒரே மாடிப்படியில் விழுப்புரமும் பீகாரும் ஒடிசாவும் அசாமும் ஏறி இறங்குகின்றன.

இப்படிப்பட்ட ஒரு குடியிருப்பில் பொங்கல் விருந்துக்குப் பட்டியல் போட்டுப் பாருங்கள். மகரஜோதி முடிந்தும் இன்னும் மாலை கழற்றாத ஐயப்ப சாமி ஒருவர். வியாழக்கிழமை அசைவம் தொடாத ஒடிசாக்காரர். ஹலால் இல்லையென்றால் கோழி வேண்டாம் என்பவர். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத ஒருவர். சர்க்கரை நோயாளிகள் மூவர். ராத்திரியில் சோறு இறங்காத, ரொட்டி கேட்கிற பீகார் தம்பிகள். தயிர்சாதம் தவிர வேறெதையும் வாயில் வைக்காத நாலு வயதுப் பையன். எங்கள் குடியிருப்பில் பதினெட்டு பேருக்குப் போட்ட பட்டியல் ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது.

என் தொழிலில் இதை இரண்டு கணங்களின் கதையாகச் சொல்வோம். ஒன்று வெட்டுக்கணம்: எல்லாரும் சாப்பிடக்கூடியது மட்டும். இன்னொன்று சேர்ப்புக்கணம்: ஒவ்வொருவரும் சாப்பிட ஏதாவது ஒன்று. "வெஜ்ஜே போட்டுடலாம்" என்பது வெட்டுக்கணம். வேலை குறைவு, செலவு குறைவு, சண்டையும் இல்லை. ஆனால் வெட்டுக்கணத்துக்கு ஒரு குணம் உண்டு. அதன் அளவை முடிவு செய்வது பெரும்பான்மை அல்ல, ஆகக் கறாரான ஒருவர். பதினேழு பேர் எதையும் தின்பவர்களாக இருந்தாலும் பதினெட்டாவது ஆளின் 'வேண்டாம்'தான் மெனு.

நசீம் நிக்கோலஸ் தலேப் 2018-இல் வந்த 'ஸ்கின் இன் த கேம்' நூலில் இதைத்தான் விளக்குகிறார். அமெரிக்காவில் யூத உணவு விதிகளைக் கடைப்பிடிப்பவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் கடையில் கிடைக்கும் பானங்களில் பெரும்பாலானவை அந்த விதிக்கு உட்பட்டே தயாராகின்றன. விதி உள்ளவர் விதியில்லாததைக் குடிக்கமாட்டார், விதியில்லாதவர் எதையும் குடிப்பார். வளைந்துகொடுக்காத பக்கம் ஜெயிக்கிறது. 2014-இல் எடுத்த மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 97 சதவீதத்துக்கும் மேலானவர்கள் அசைவம் உண்பவர்கள். ஆனாலும் அலுவலக விழாவிலிருந்து ஆயுத பூஜை வரை நம் பொது விருந்து சைவமாக இருப்பதன் கணக்கு ஓரளவுக்கு இதுதான்.

ஓரளவுக்குத்தான். தலேப்பின் எலுமிச்சை ஜூஸில் யாருக்கும் நஷ்டமில்லை, ருசி மாறுவதில்லை. பந்தியில் அப்படி இல்லை. அதோடு எல்லா 'வேண்டாம்'களும் ஒன்றல்ல. உடம்பு சொல்லும் வேண்டாம் உண்டு: நிலக்கடலை, சர்க்கரை. அதில் விவாதமே இல்லை, அது உயிர் சம்பந்தப்பட்டது. நோன்பு, நம்பிக்கை சொல்லும் வேண்டாம் உண்டு. அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட வரம்பு அது, மதிக்கத்தான் வேண்டும். நாக்கு சொல்லும் வேண்டாம் உண்டு: கத்தரிக்காய் பிடிக்காது, வெண்பொங்கல் கொழகொழன்னு இருக்கு. முடிந்தவரை பார்க்கலாம். இந்த மூன்றும் ஒருவர் தன் இலையைப் பற்றிச் சொல்பவை. நாலாவது ஒன்று இருக்கிறது. அது அடுத்தவர் இலையைப் பற்றியது: 'நான் சாப்பிடமாட்டேன்' என்பதோடு நிற்காமல், 'சாப்பிடுகிறவரோடு உட்காரமாட்டேன்' என்பது.

இந்த நாலாவதோடுதான் வ.வே.சு. ஐயர் மாட்டிக்கொண்டார். லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போய்ப் புரட்சிக்காரராகி, பாண்டிச்சேரியில் பாரதியோடு இருந்தவர். 1922-இல் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் தொடங்கினார். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டு முதலில் 5,000 தந்தது. குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு என்பது வெளியே தெரிந்ததும் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். பெற்றோர் போட்ட நிபந்தனை, வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பது ஐயரின் விளக்கம். விவகாரம் காந்தி வரை போனது. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் இறந்துபோனார். அதே வருடம் நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். உடனடிக் காரணம் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் என்றாலும் குருகுலத்தின் கசப்பு அதன் பின்னால் இருந்தது.

ஐயரைக் கெட்டவராகக் காட்டினால் இந்தக் கதை சுலபமாகிவிடும். அவர் அப்படிப்பட்டவர் அல்ல. ஒரு விருந்தோம்பி செய்வதைத்தான் செய்தார். வந்தவரின் நிபந்தனையைக் கேட்டு ஏற்பாடு பண்ணினார். ரெண்டு பையன்கள்தானே, விட்டுவிடுவோமே என்று நினைத்திருக்கலாம். ஆனால் அந்த இருவருக்குக் காட்டிய கருணையின் விலையை, பந்தியில் உட்கார்ந்திருந்த மற்ற பையன்கள் கொடுத்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது பொய்யானது அல்ல. சைவம் உண்பவருக்கு மீன் வாடை நிஜமாகவே குமட்டும். குழம்புக் கரண்டி சாம்பாரில் விழுந்தால் அவர் சாப்பாடு போச்சு. ஆமாம், அதனால் கரண்டி வேறு, பாத்திரம் வேறு, முடிந்தால் அடுப்பும் வேறு. அது அவர் இலையைக் காப்பாற்றுகிறது. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடியின் ஒரு உணவுக்கூடத்தில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். கைகழுவும் தொட்டியைப் பிரிப்பதால் யாருடைய இலை காப்பாற்றப்படுகிறது? என் கோடு அங்கேதான் விழுகிறது. பாத்திரம் வரைக்கும் விட்டுக்கொடுக்கலாம், வரிசையை விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஆகஸ்ட் 15-ஆம் தேதி அறநிலையத் துறைக் கோயில்களில் பொது விருந்து நடக்கிறது. மந்திரியும் கலெக்டரும் எல்லாரோடும் ஒரே வரிசையில் உட்காருவார்கள். வரிசை எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது, பெரிய விஷயம்தான். கோயிலில் சைவம் போடுவது இயல்பு. ஆனால் அந்த மெனு கோயிலுக்கு வெளியே வந்து எல்லாப் பொது விருந்தின் இலக்கணமாகிவிட்டதைக் கவனிக்க வேண்டும். அந்த இலக்கணத்தில் சிலரின் சமையல் எப்போதுமே பொதுவுக்கு வராது.

எங்கள் பட்டியலில் ஒரு பெயருக்கு எதிரே மட்டும் எதுவும் இல்லை. விழுப்புரம் பக்கத்துத் தம்பி, ஷிஃப்ட் வேலை. கேட்டபோது, "எனக்கு எதுனாலும் ஓகே அண்ணா" என்றான். அப்புறம் ஒருநாள் டீக்கடையில் பேச்சுவாக்கில் சொன்னான்: "மாட்டுப் பொங்கலுக்கு அம்மா சுக்கா வறுவல் பண்ணுவாங்கண்ணா. பீஃப். அதை இந்த லிஸ்ட்ல எழுதினா எப்படி இருக்கும்?" சிரித்தான். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

அதிலிருந்து 'எதுனாலும் ஓகே' என்ற வார்த்தையை நான் வேறு மாதிரிதான் கேட்கிறேன். 'எனக்கு இது வேண்டாம்' என்று சொல்லவே ஒரு இடம் வேண்டும். 2021 டிசம்பரில், நல்ல சாப்பாடு என்ற ஒன்றைக் கேட்பதற்கே இந்தப் பகுதியின் மின்னணு ஆலைப் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார வேண்டியிருந்தது. விடுதிச் சாப்பாட்டால் பலர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் அதுவும். பந்தியில் முகம் சுளிக்கிறவரைச் சமாளிப்பது எப்படி என்று யோசிக்கிறோம். சுளிக்கவே உரிமையில்லாதவர் பட்டியலில் தடயமே இல்லாமல் இருக்கிறார்.

விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள். வந்தவர் புதியவர், அதனால் விருந்து. அந்தப் பொருளில் பார்த்தால், எல்லாருக்கும் ஏற்கெனவே சம்மதமானதை மட்டும் பரிமாறுவது விருந்தாகாது, மெஸ் சாப்பாடு. எங்கள் பட்டியலை மாற்றினோம். மேஜைக்கு ஒரு சைவப் பெரும்பகுதி, தனிப் பாத்திரத்தில் அசைவம், கடலை எங்கேயும் கிடையாது, அவரவர் வீட்டுப் பண்டிகைப் பலகாரம் ஒன்று அவரவர் கொண்டுவருவது, என்ன என்று யாரும் விசாரிப்பதில்லை, எல்லாருக்கும் ஒரே வரிசை. தம்பி சுக்கா கொண்டுவருவானா என்பது எனக்குத் தெரியாது. கொண்டுவராமல் போனால் அது அவன் விருப்பமாக இருக்க வேண்டும், எங்கள் மெனு எடுத்த முடிவாக இருக்கக் கூடாது.