செங்கோலா? சீலையா?



இந்த மாதம் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கும்படி ஆவியானவர் என்னை ஏவினார். உலக அதிகாரத்துக்கும் ஆவிக்குரிய அதிகாரத்துக்கும் என்ன வித்தியாசம்? "இதென்ன கேள்வி பாஸ்டர்? கலெக்டருக்கு இருக்கிறது உலக அதிகாரம், ஊழியக்காரருக்கு இருக்கிறது ஆவிக்குரிய அதிகாரம்" என்று நீங்கள் சொல்லலாம். பைபிள் காலேஜ் டிப்ளமோ பரீட்சையில் நானும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதினேன். நல்ல மார்க்கும் வாங்கினேன். ஆனால் அந்தப் பதில் போதாது என்று கர்த்தர் ஒரு ஊர்ப் பெரியவரின் வாயினால் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அவர் நம்முடைய விசுவாசி அல்ல. அதைச் சொல்வதற்கு முன் சில காரியங்களைத் தியானிப்போம்.

1. உலக அதிகாரத்தை அற்பமாய் எண்ணாதே

நம்முடைய ஜனங்களில் சிலர் அபிஷேகம் பெற்றவுடனே, "எனக்குக் கர்த்தர் ஒருவரே அதிகாரி" என்று சொல்லி ஊருக்கும் அடங்குவதில்லை, சர்க்காருக்கும் அடங்குவதில்லை. இது வேதம் அல்ல. ஆளுகிற அதிகாரங்களைத் தேவனே ஏற்படுத்தினார் என்று பவுல் எழுதுகிறார் (ரோமர் 13). தம்மைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்த பிலாத்துவினிடத்திலேயே, அவனுடைய அதிகாரம் மேலிருந்து வந்தது என்று ஆண்டவர் சொன்னாரே! (யோவான் 19:11).

நம்முடைய பழவேற்காடு ஏரியையே பாருங்கள். இங்கே தலைமுறை தலைமுறையாகப் 'பாடு' முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைக்கிறது. சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். இது இல்லாவிட்டால் என்ன நடக்கும்? இறால் வருகிற இடத்தில் பலசாலி மட்டும் வலை கட்டுவான், எளியவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி அடித்தபோது, கடலோரக் குப்பங்களில் யார் வீட்டில் என்ன போயிற்று என்று கணக்கெடுக்க முன்னே நின்றதும் ஊர்ப் பஞ்சாயத்துதான். இதற்காக நான் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன்.

ஆனால் இந்த அதிகாரத்துக்கு ஒரு வேலி உண்டு. பாடு உள்ளவனுக்குத்தான் அது நியாயம் செய்யும். பாடு இல்லாத ஜனங்களும் இதே ஏரியை நம்பித்தான் பிழைக்கிறார்கள். தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் சகோதரரை நீங்கள் பார்த்ததில்லையா? இன்னொன்றும் கவனியுங்கள். ஊரோ சர்க்காரோ என் வலையை நிறுத்தலாம், அபராதம் போடலாம், என்னை ஜெயிலில் அடைக்கலாம். நான் எதை விசுவாசிக்க வேண்டும் என்று மட்டும் கட்டளையிட முடியாது. அங்கே பேதுரு சொன்ன பதில்தான் நமக்கும் பதில் (அப். 5:29). நம் தேசத்தின் அரசியல் சட்டம்கூட 25-ம் பிரிவில் மனச்சாட்சியின் சுதந்தரத்தை ஒப்புக்கொள்ளுகிறது.

2. கோட்டையின் சாட்சி

பழவேற்காட்டுக்கு வந்தவர்கள் டச்சுக் கல்லறையைப் பார்க்காமல் போவதில்லை. அதன் வாசலில் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில்தான் ஒல்லாந்தர் 1613-ல் கட்டின கெல்திரியா கோட்டை இருந்தது. 1690 வரைக்கும் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை இடம் அது. 1630-களில் அந்தக் கோட்டையில் ஆபிரகாம் ரோஜர் என்ற போதகர் ஊழியம் செய்தார். கம்பெனிதான் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அதே கம்பெனி, 1620-கள் தொடங்கி இந்தத் துறைமுகத்திலிருந்து ஆயிரக்கணக்கான ஏழை ஜனங்களை அடிமைகளாகக் கப்பலேற்றி பத்தாவியாவுக்கு அனுப்பினது. உள்ளே ஜெபம், வெளியே அடிமைக் கப்பல்! பிரியமானவர்களே, இதை வாசிக்கும்போது உங்கள் உள்ளம் நடுங்கவில்லையா?

இந்தக் கம்பெனிதான் 1658-ல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தது. அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் பெற்றவனுக்கே சர்க்கார் உத்தியோகம் என்று அங்கே வைத்தார்கள். பதிவுப் புத்தகம் நிரம்பிற்று. 1796-ல் இலங்கை இங்கிலீஷ்காரர் கைக்குப் போயிற்று, பழைய கட்டாயமும் போயிற்று. அதோடே அந்தப் புத்தகத்திலிருந்த பெருங்கூட்டமும் கலைந்துபோயிற்று. செங்கோல் பெயரை எழுத வைக்கும், இருதயத்தைத் திறக்காது.

அதற்கு எதிராக இன்னொருவரைப் பாருங்கள். சீகன்பால்க் ஐயர் 1706-ல் டென்மார்க் ராஜாவின் கட்டளையோடு தரங்கம்பாடிக்கு வந்தார். அந்த ராஜாவின் அதிகாரிதான் 1708-ல் அவரைப் பிடித்து நாலு மாதம் கோட்டைக்குள் அடைத்துவைத்தான். ராஜாவின் முத்திரை அவரைக் காப்பாற்றவில்லை. அப்படிப்பட்ட மனுஷனைக்கொண்டுதான் 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி வெளிவந்தது. ஒல்லாந்தர் கோட்டை இடிந்து புதராகிக் கிடக்கிறது. கைதியாய் இருந்தவர் கொடுத்த வசனமோ குடிசை குடிசையாய்ப் போயிற்று. அல்லேலூயா!

3. என் சொந்தத் தோல்வி

இதுவரைக்கும் நீங்கள் ஆமென் சொல்லியிருப்பீர்கள். நானும் இந்தப் பிரசங்கத்தைப் பல இடங்களில் செய்தவன்தான். இப்போது என் காரியத்தைச் சொல்லுகிறேன்.

நான் முழுநேர ஊழியக்காரன் அல்ல. விடியற்காலையில் வலை, சாயங்காலத்தில் ஜெபக்கூட்டம். சில வருஷங்களுக்கு முன் எங்கள் சபையில் ஒரு வாலிபத் தம்பி, "பாஸ்டர், கட்டட நிதிக் கணக்கை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினா நல்லாருக்குமே" என்று கேட்டான். நான் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோராகின் கூட்டத்தைப் பூமி விழுங்கினதைப் பற்றிப் பிரசங்கித்தேன். பேர் சொல்லவில்லை, அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அபிஷேகம் பண்ணப்பட்டவனுக்கு விரோதமாய்ப் பேசினவன் வீட்டில் சாபம் தங்கும் என்றேன். அவனோடே பேச வேண்டாம் என்று வாலிபர்களுக்கும் சொன்னேன். அவன் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டான். நான் அதை ஜெயம் என்று எண்ணினேன்.

கொஞ்ச காலம் கழித்து எங்கள் விசுவாசி ஒருவர் கோயில் திருவிழாவுக்கு வரி கொடுக்க மாட்டேன் என்று சொன்னதால், ஊரில் அவர் குடும்பத்தைத் தள்ளிவைத்தார்கள். யாரும் பேசக்கூடாது, தண்ணீர் கொடுக்கக்கூடாது, படகில் ஏற்றக்கூடாது. நான் பெரியவர்களிடத்தில் போய் மனச்சாட்சியைப் பற்றி நன்றாய்ப் பேசினேன். ஒரு வயதான பெரியவர் பொறுமையாய்க் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாஸ்டர் தம்பி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. அந்தப் புள்ள கணக்குக் கேட்டான்னு நீ அவன என்ன பண்ண? அவங்க அம்மா மீன் விக்கற எடத்துல அழுவுது. நாங்க தண்ணியும் பேச்சும்தான் நிறுத்தனோம். நீ அவனுக்கு மோட்சத்தையே நிறுத்திட்டியே!"

எனக்குப் பதில் இல்லை. அன்று இராத்திரி நான் தூங்கவில்லை. அவர்கள் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதான். வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் ஊரின் பேரால் செய்தார்கள், நான் தேவனுடைய பேரால் செய்தேன். அப்படியானால் யாருடைய பாவம் பெரிது?

4. வித்தியாசம் எங்கே இருக்கிறது?

பிரியமானவர்களே, ஆள் யார் என்பதில் வித்தியாசம் இல்லை. அதிகாரம் எப்படி நடக்கிறது என்பதில் இருக்கிறது. உலக அதிகாரம் கட்டாயப்படுத்தலாம். கட்டாயம் இல்லாமல் பாடும் நடக்காது, போலீஸ் ஸ்டேஷனும் நடக்காது. ஆவிக்குரிய அதிகாரத்துக்குக் கட்டாயப்படுத்தவே தெரியாது. பயமுறுத்திக் கீழ்ப்படியவைக்கிற நிமிஷத்தில் அது உலக அதிகாரமாய் மாறிவிடுகிறது, கையில் வேதப்புத்தகம் இருந்தாலும் சரி!

புறஜாதிகளின் அதிகாரிகளைப்போல உங்களுக்குள் இருக்கக்கூடாது என்று ஆண்டவர் செபெதேயுவின் குமாரர் காரியத்தில் தீர்த்துச் சொன்னார் (மத். 20:25-28). கடைசி இராத்திரியில் பிதா சகலத்தையும் தம்முடைய கையில் கொடுத்திருக்கிறார் என்று அறிந்தவராய் என்ன செய்தார்? செங்கோலை எடுத்தாரா? சீலையை எடுத்தார், அதாவது இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு கால்களைக் கழுவினார் (யோவான் 13). யூதாசின் காலையும் கழுவினார். அவன் எழுந்து வெளியே போனபோது கதவைப் பூட்டவில்லை. இதுதான் ஆவிக்குரிய அதிகாரம்.

"தாவீது சவுலின்மேல் கை போடவில்லையே?" என்று கேட்பீர்கள். உண்மைதான், பட்டயத்தால் தொடவில்லை. ஆனால் கெபிக்கு வெளியே நின்று, வஸ்திரத்தின் தொங்கலைக் காட்டி, சவுல் செய்தது அநியாயம் என்று அவன் முகத்துக்கு முன்பாகச் சொன்னான் (1 சாமு. 24). பிறகு அபிஷேகம் பண்ணப்பட்ட தாவீதையே நாத்தான் கண்டித்தபோது அவன் கோராகின் கதையைச் சொல்லவில்லை, பாவம் செய்தேன் என்றான். சாமுவேலோ முதிர்ந்த வயதில் ஜனங்களுக்கு முன் நின்று, நான் யாருடைய மாட்டை எடுத்தேன், சொல்லுங்கள் என்று தானாகவே கணக்குக் கொடுத்தான் (1 சாமு. 12:3). கேட்பதற்கு முன்பே கணக்குக் கொடுக்கிறவன்தான் தேவ மனுஷன்.

அப்படியானால் சபையில் ஒழுங்கு நடவடிக்கையே வேண்டாமா? வேண்டும். பாவத்தில் நிலைத்திருக்கிறவனைக் கண்டிக்க வேதம் சொல்லுகிறது (மத். 18). ஆனால் முதலில் தனியாக, பின்பு சாட்சிகளோடு, கடைசியில் சபைக்கு முன்பாக. சகோதரனை ஆதாயப்படுத்திக்கொள்வதே அதன் நோக்கம். அவன் துக்கப்பட்டால் உடனே மன்னித்துத் தேற்றவேண்டும் (2 கொரி. 2:6-8). மேடையிலிருந்து எறிகிற கல் நடவடிக்கை அல்ல. தன்னை எதிர்த்தவர்களைச் சபைக்குப் புறம்பாக்கின ஒருவன் வேதத்தில் உண்டு. அவன் பேர் தியோத்திரேப்பு (3 யோவான் 9, 10). அவனுடைய பேரை யாராவது தங்கள் பிள்ளைக்கு வைக்கிறார்களா?

5. முடிவாக

நான் அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மாவுக்கு முன்பாகவே மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்பாகவும் கேட்டேன், கணக்கு முழுவதையும் வாசித்தேன். அவன் எங்கள் சபைக்குத் திரும்பி வரவில்லை. வேறொரு சபையில் கர்த்தரை ஆராதிக்கிறான். வழியில் கண்டால், "ஸ்தோத்திரம் பாஸ்டர்" என்று நின்று பேசுகிறான். அதுவே எனக்குக் கிருபை. தள்ளிவைக்கப்பட்ட குடும்பத்துக்காக நான் மறுபடியும் பெரியவர்களிடத்தில் போனேன். இந்தத் தடவை பிரசங்கம் பண்ணவில்லை. "நான் என் தப்பைச் சரி பண்ணிட்டேன் ஐயா, நீங்களும் யோசிங்க" என்று மட்டும் சொன்னேன். சில வாரங்களுக்குப் பிறகு கட்டுப்பாட்டை எடுத்தார்கள்.

உடன் ஊழியர்களே, உங்களுடைய ஜனங்கள் உங்களுக்குக் கீழ்ப்படிகிறார்களா என்று கேட்காதிருங்கள். உங்களுக்கு "இல்லை" என்று சொல்ல அவர்களால் முடிகிறதா என்று கேட்டுப்பாருங்கள். விசுவாசிகளே, மேய்ப்பனைக் கனம்பண்ணுங்கள், ஆனால் அவனுக்குப் பயந்து உங்கள் மனச்சாட்சியை விற்றுவிடாதிருங்கள். பவுலே, நாங்கள் உங்கள் விசுவாசத்துக்கு எஜமான்கள் அல்ல என்று சொன்னாரே! (2 கொரி. 1:24).

நம்முடைய சபைகளில் எழுப்புதல் வேண்டும் என்று உபவாசித்து ஜெபிக்கிறோம். அது மேடையில் அல்ல, சீலையில் ஆரம்பிக்கட்டும். கர்த்தர் தாமே நம் ஒவ்வொருவரையும் தாழ்த்தி, தம்முடைய சமாதானத்தினால் நிரப்புவாராக. ஆமென்!